மூக்கால் வாங்கிய தின்னர்

பெயின்ட் கடையில் நின்று கால் கடுத்தவர்களுக்குத் தெரியும், நம்மிடம் வருகிறவர்கள் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை, மூக்கால் வாங்குகிறார்கள்.

போத்தலும் மூக்கும்

எழுபதுகளின் தொடக்கம். நான் கடைப் பையனாக இருந்த, இலங்கை மலைநாட்டுப் பதுளை பஜாரில் எனாமல் பெயின்ட் கிடைப்பதே அபூர்வமாக இருந்த காலம். டர்பன்டைன் போத்தலைத் திறந்து முகர்வார்கள். மூக்கில் ஏறாவிட்டால் தண்ணீர் கலந்தது என்று முடிவு. உயர்தர வகுப்பில் இரசாயனம் படித்தவன் சும்மா இருப்பேனா? விளக்கம் சொல்லப் போனேன். முதலாளி காதர் நானா கூப்பிட்டுச் சொன்னார்: "சாமானக் குடு தம்பி. இன்னொரு தரம் பாடம் எடுத்தா ஊருக்கு பஸ் ஏறிரு."

பெரட்டும் கும்மியும்

மடுல்சீமைத் தோட்டத்து முருகன் கோயில் தேருக்கு வண்ணம் அடிக்கும் பெயின்டர் செல்லையா வந்தார். எனாமலில் கலக்கத் தின்னர் கேட்டார். என் வாய் சும்மா இருக்கவில்லை. கடையில் விற்கும் மினரல் டர்பன்டைனில் பெரும்பாலும் அலிபாற்றிக் வகை, காபன் அணுக்கள் தோட்டத்தில் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்பது போல வரிசை கட்டி நிற்கும். தின்னரில் அரோமற்றிக் வகை, ஆறு காபன் கும்மியடிப்பது போல வட்டமாகச் சேர்ந்திருக்கும். அந்த வட்டக் கூட்டம் அடியிலிருக்கும் பழைய பெயின்டையும் இளக்கிவிடும் என்றேன். செல்லையா இரண்டையும் முகர்ந்தார். "கும்மியெல்லாம் கோயில்ல பாத்துக்கிறேன் தம்பி. வாசம் இருக்கிறதக் குடுங்க." தின்னரோடு போனார்.

சுருங்கிய மயில்

தேர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தேரின் பலகை ஒன்றோடு திரும்பி வந்தார். அதில் அவர் தீட்டியிருந்த மயில், ஆறிய பால் ஆடை போலச் சுருங்கிக் கிடந்தது. போலிப் பெயின்ட் விற்றோம் என்று கடை வாசலில் நின்று சொல்ல, கூட்டம் கூடிவிட்டது. தோட்டத்தில் இனி எப்படித் தலை காட்டுவது என்று அவருக்குக் கண் கலங்கியது. முதலாளி என்னை முறைத்தார்.

கடையின் பழைய நீல ஸ்டூலை இழுத்தேன். ஒரு துணியில் டர்பன்டைன், இன்னொன்றில் தின்னர். இரண்டாலும் அழுத்தித் துடைத்தேன். டர்பன்டைன் துணியில் அழுக்கு மட்டும் வந்தது. தின்னர் துணியில் நீலமே வந்துவிட்டது. "மயிலுக்கு அடியில இருந்த பழைய பெயின்டும் இப்படித்தான் இளகிச்சு" என்றேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, மறைப்பானேன். சுரண்டிவிட்டு டர்பன்டைன் கலந்து அடிக்கச் சொன்னேன். முதலாளி தன் வீட்டுக் கதவுக்கு ஒளித்து வைத்திருந்த எனாமல் டின்னை எடுத்துக் கொடுத்தார்.

திருவிழா முடிந்ததும் செல்லையா வாழைப்பழச் சீப்போடு வந்தார். "தேரு எல்லா லயத்து வீட்டையும் சுத்தி வந்துச்சுங்க. மயில யாரு வரஞ்சதுன்னு கேட்டாங்க. பாதி நான், பாதி பதுளைக் கடைத் தம்பின்னு சொல்லிட்டேன்."

பரீட்சையில் அரோமற்றிக் கேள்வியில் கோட்டை விட்ட என்னை, கடைசியில் ஒரு மயில்தான் சித்தியடைய வைத்தது.