வீட்டுக்கு ஒரே துண்டு

முடிதிருத்தும் கடைக்காரருக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் ‘பேச்சுக்கடை’. கத்தரி ஓய்ந்தாலும் வாய் ஓயாது. பேச்சில் பாதி மகளைப் பற்றித்தான். ரயில் ஓட்டும் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். பாக்கி கண் பரிசோதனை மட்டும். அதில் தவறினால் இத்தனை நாள் படித்த படிப்பும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

அந்த நேரம் பார்த்து ஊரெல்லாம் கண்வலி. கடைக்கு வந்தவர்களில் எந்தப் புண்ணியவான் கொடுத்துவிட்டுப் போனாரோ, பேச்சுக்கடையின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்தன. மகளுக்கு ஒட்டிக்கொண்டால்? மனிதர் ஆடிப்போனார். பார்த்தால்தானே ஒட்டும் என்று வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தார். சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். மகளிடம் முதுகைக் காட்டியே பேசினார். இவ்வளவும் செய்துவிட்டு, வழிகிற கண்ணைக் குளியலறைத் துண்டில் அழுந்தத் துடைத்தார். வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரு துண்டுதான்.

மனைவி கையும் களவுமாகப் பிடித்தாள்.

“ஏங்க, அறிவிருக்கா? பாத்தா ஒட்டாது. கையாலயும் துணியாலயும்தான் ஒட்டும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!”

“என்கிட்ட எப்ப சொன்னாரு?”

“அவரப் பேச விட்டாத்தானே நீங்க!”

மகள் அப்போதுதான் முகம் கழுவ எழுந்து வந்தாள். பேச்சுக்கடை துண்டைச் சுருட்டிக்கொண்டு ஓடி, தானே கொதிக்கிற நீரில் போட்டார். அன்றே ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு தலையணை. கதவுப்பிடி, குழாய் என்று தன் கை பட்ட இடமெல்லாம் சோப்பு போட்டுத் துடைத்தார். காய்ச்சலிலும் பூட்டாத கடையைக் கண் தெளியும்வரை பூட்டிவைத்தார். மறுபடி திறந்தபோது, வருகிற தலை ஒவ்வொன்றுக்கும் துவைத்த துண்டு என்றாகிவிட்டது.

மகள் தெளிவான கண்ணோடு பரிசோதனைக்குப் போனாள். வேலையோடு வந்தாள்.

கடைக்குப் பின்னால்தான் தண்டவாளம். அவள் முதன்முதலாக வண்டி ஓட்டி வந்த காலையில், பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினார் அப்பா. வண்டி தடதடவென்று கடந்து போனது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பியவரின் கண்களைப் பார்த்ததும், நாற்காலியில் இருந்தவர் பதறிப் பின்னால் சாய்ந்தார்.

“யோவ், கிட்ட வராதே! மறுபடியும் கண்வலியா?”

“இல்லய்யா. போகுது பாரு... அந்த வண்டிய ஓட்டுறது என் பொண்ணு.”