சேமிப்பு குறைந்தால் சேமிப்பு கூடும்

தெருமுனைச் சலூனுக்குப் போகிறவர்கள் தலையில் கொஞ்சம் இழந்து, காதில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு திரும்புவார்கள். போன முறை என் காதில் விழுந்தது இது: மூன்றாம் மாடி டியூஷன் கம்பெனியில் செலவு இரட்டிப்பானதற்காகக் கேக் வெட்டிக் கொண்டாடினார்களாம். அந்த நல்ல சேதியைச் சொன்ன பெண்ணுக்கு, வாயில் கேக் இருக்கும்போதே வேலையை நிரந்தரம் பண்ணினார்களாம்.

"சத்தியமா சார். எனக்கே ஒரு துண்டு வந்துச்சு," என்றார் சலூன்காரர். "அந்தம்மாவுக்கு வேலையே மேகத்தப் பாக்கறதுதான். மேகக்கான்னுதான் கூப்புடுவாங்க."

"மேகத்தப் பாத்தா சம்பளமா?"

"தலையை ஆட்டாதீங்க சார். காது போயிடும்."

சலூன் செய்தியில் பாதி நிஜம் இருக்கும். எந்தப் பாதி என்பதுதான் தெரியாது. ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டுக்கொண்டு மாடியேறிப் போய் விசாரித்ததில் கிடைத்தது இது.

மேகக்கா முன்பு ஒரு மரச்சாமான் கிடங்கில் இருப்பு எடுத்தவர். கட்டில் எத்தனை, பீரோ எத்தனை, இன்னும் எத்தனை அடுக்கலாம், கிடங்கு வாடகை எவ்வளவு. இப்போதும் அதே வேலைதான். கம்பெனி ஆசிரியர்கள் கேமரா முன் நடத்தும் பாடமெல்லாம் பதிவாகி 'கிளவுடு' என்கிற மேகத்துக்குப் போகிறது. மேகம் என்றால் வானத்தில் மிதப்பதல்ல. எங்கோ ஒரு கட்டடத்தில் யாருடைய கம்ப்யூட்டரிலோ நாம் பிடித்திருக்கும் வாடகை இடம். எவ்வளவு இருக்கிறது, இன்னும் எவ்வளவு கொள்ளும், அதற்கு எவ்வளவு அழ வேண்டும் என்று தினமும் பார்த்துச் சொல்வது அக்காவின் பொறுப்பு. "அங்க கட்டில் கால்ல இடிக்கும். இங்க எதுவும் இடிக்காது. அதான் சார் ஆபத்து," என்றார்.

அக்காவைக் கட்டிய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஏறுவதையும் இறங்குவதையும் நன்றாக அறிந்தவர். "உன் மேகம் எந்த ஊர்ல இருக்கு?" என்று அவர் கேட்டதற்கு, "வாடகை கட்டாட்டி எந்த ஊர்லயும் இருக்காது" என்று பதில் வந்ததாம். அளவு மீறினால் அக்காவின் போன் வாத்து மாதிரி கத்தும். வாத்து கத்தினால் அன்று குழம்பில் உப்பு இருக்காது என்பது அந்த வீட்டு அனுபவம்.

இந்த வருடம் வாத்து ஓயவே இல்லை. முதலாளி புதிதாக வாங்கிய கேமரா வாத்தியார் முகத்து மருவைக்கூட மலைபோல் பதிவு செய்தது. போதாததற்கு ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று பிரதி: வாத்தியாருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, அந்த இரண்டும் தொலைந்தால் என்ன செய்வது என்கிற பயத்துக்கு ஒன்று. பில் ஏறியது. மேகக்காவோ ஒப்பந்தத்தில் இருப்பவர். அது அந்த மாதத்தோடு முடிகிறது. "பில் குறையட்டும், நிரந்தரம் பண்றேன். குறையலேன்னா நீங்க எதுக்கும்மா?" என்று முதலாளி வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

இந்த நேரம் பார்த்து முதலாளிக்குத் தமிழ்ப் பற்று வந்தது. ஏதோ ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போய், அங்கே பேசியவர்களிடமிருந்து தொற்றிக்கொண்டு வந்தார். மறுநாளே உத்தரவு: அறிக்கையெல்லாம் இனித் தமிழில். "ஸ்டோரேஜாம் ஸ்டோரேஜ். நம்ம மொழியில வார்த்தையா இல்ல?"

இருந்தது. அதுதான் வினை. அகராதியைப் புரட்டி மேகக்கா மாத நடுவில் இப்படி ஓர் அறிக்கை அனுப்பினார்: 'நமது சேமிப்பு சென்ற ஆண்டைவிட இரட்டிப்பு ஆகியுள்ளது. இதே வேகத்தில் போனால் ஆண்டு முடிவில் கைகொள்ளாது.'

முதலாளி படித்தார். இன்னொரு முறை படித்தார். கண் கலங்கிற்று. சேமிப்பு இரட்டிப்பு! கைகொள்ளாது! கம்பெனிக்குப் பணம் போட்டவர் அவர் மாமனார். பத்து பேர் எதிரில் "மாப்பிள்ளைக்குச் செலவழிக்கத்தான் தெரியும்" என்று சொல்லும் பழக்கமுள்ளவர். முதலாளி முதல் வேலையாக அவருக்குப் போன் போட்டார். இரண்டாவதாகக் கேக்குக்குச் சொன்னார். மூன்றாவதாக நிரந்தர உத்தரவை அடிக்கச் சொல்லிக் கையெழுத்தும் போட்டார்.

மேகக்கா உள்ளே நுழைந்தபோது கேக்கில் 'சேமிப்புச் செல்வி' என்று எழுதியிருந்தது. கல்யாணமாகிப் பல வருடமான தன்னை ஏன் செல்வி என்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கைதட்டினார்கள். வாயில் கேக்கை அடைத்தார்கள். "உத்தரவு டிராயர்ல ரெடியா இருக்கு. சாயங்காலம் வாங்கிக்கோங்க," என்றார் முதலாளி. கேக் உள்ளே இறங்குவதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. ஆக, சலூன்காரர் சொன்னதில் கேக் உண்மை. நிரந்தரம் டிராயர் வரைக்கும்தான் உண்மை.

மதியம் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார்.

"என்னங்க, ஒரு வார்த்தைய மாத்திப் புரிஞ்சுக்கிட்டு என்னை நிரந்தரம் பண்ணிட்டாங்க."

"நல்லதாப் போச்சு. வாய மூடிக்கிட்டு வாங்கி வெச்சுக்கோ."

"நான் மூடுவேன். பில் மூடுமா? மாசக் கடைசியில வந்து வாயத் தொறக்கும்."

"அப்ப உண்மையச் சொல்லிடு. நடுவுல நின்ன லிஃப்ட்ல எவ்வளவு நேரம்தான் நிப்ப?"

சாயங்காலம் மேகக்கா முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"சார், அந்தச் சேமிப்பு நீங்க நினைக்கற சேமிப்பு இல்ல."

"பின்ன?"

"ஸ்டோரேஜ் சார். மேகத்துல சேர்ந்து கிடக்கறது. அதான் இரட்டிப்பு. செலவும்தான்."

"கைகொள்ளாதுன்னு எழுதினீங்களே?"

"எடம் கொள்ளாதுன்னு அர்த்தம்."

முதலாளி நாற்காலியில் சரிந்தார். "மாமனார்கிட்ட சொல்லிட்டேனேம்மா! அவர் சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லிட்டாரே!" பிறகு நிமிர்ந்து, "தமிழ்ல எழுதச் சொன்னேன். இப்படியா எழுதுவாங்க?" என்றார்.

"வார்த்தை ஒண்ணுதான் சார் இருக்கு. ரெண்டு வேலை பாக்குது. என்னை மாதிரி."

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முதலாளி மீதிக் கேக்கைப் பார்த்தார். "இப்ப என்ன வழி?"

"அந்தச் சேமிப்பக் குறைச்சா இந்தச் சேமிப்பு கூடும். வாடகை நாள் கணக்குதான். இன்னும் பாதி மாசம் இருக்கு."

"சரி. பில் இறங்கட்டும், டிராயரத் தொறக்கறேன். ஏறிச்சுன்னா என்னைக் கேக்காதீங்க," என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டார் முதலாளி.

மறுநாள் மேகக்கா கிடங்கு காலத்துப் புத்தியோடு மேகத்துக்குள் இறங்கினார். முதலில் பயத்துக்கு வைத்திருந்த மூன்றாம் பிரதிகள் போயின. பழைய பாடங்களை 'பரண்' ஏற்றினார். வாடகை இடத்திலேயே பரண் என்று ஒன்று உண்டு. அந்தப் பெயர் அக்கா வைத்தது. அங்கே வாடகை மலிவு. ஆனால் திரும்பக் கீழே இறக்க வேண்டுமானால் தனியாக ஏணிக் கூலி கேட்பார்கள். நம் வீட்டுப் பரண் மாதிரியேதான்: ஏற்றும்போது எல்லாரும் கை கொடுப்பார்கள், இறக்கும்போது முதுகு பிடித்துக்கொள்ளும்.

அப்படியும் ஒரு பெரிய மூட்டை மீதி இருந்தது. எல்லாம் இயற்பியல் வாத்தியாருடையது. பாடம் முடிந்தாலும் மனிதர் கேமராவை நிறுத்துவதில்லை. காலி நாற்காலி, சுற்றும் மின்விசிறி, மேஜையில் ஆறும் டீ, இவையெல்லாம் மருவைக்கூட விடாத துல்லியத்தில் வாடகை தின்றுகொண்டிருந்தன. ஆனால் வாத்தியார் சம்மதிக்காமல் அவர் பதிவில் எதையும் வெட்டக் கூடாது என்பது கம்பெனி விதி.

"என் பாடத்துல ஒரு நொடிகூட அழிக்க விடமாட்டேன். வருங்காலம் கேக்கும்," என்றார் வாத்தியார்.

"வருங்காலம் நாற்காலியப் பாத்து என்ன சார் பண்ணும்?"

"அது சடத்துவம்மா. அசையாம இருக்கு பாருங்க. அதுவும் பாடம்தான்."

மேகக்கா வாதாடவில்லை. ஊசல் பாடத்தைத் திறந்து கடைசிக்கு ஓட்டினார். பிள்ளைகள் விடைபெற்ற பிறகு வாத்தியார் திரையில் தனியாக இருந்தார். சோற்று டப்பாவைத் திறந்தார். மூடியில் தாளம் போட்டார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். தானே கட்டிய காதல் பாட்டு. பக்கத்து மேஜைகளில் விசைப்பலகைச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"நிறுத்துங்கம்மா! நிறுத்துங்க!"

"இன்னும் சரணம் இருக்கு சார்."

"எங்க கையெழுத்து போடணும்?"

போட்டார். அவருடைய நாற்காலிகள் அன்றே மறைந்தன. பாட்டு மட்டும் ஊசல் பாடத்தோடு ஒட்டிப் பதிவாகியிருந்ததால் வெட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. பாடத்தோடு சேர்ந்து அதுவும் பரணேறியது. மறுநாள் முதல் பாடம் முடிந்தால் கேமரா தானாக அணையும்படி அக்கா ஏற்பாடு செய்தார். வாத்து ஊமையானது. வீட்டில் குழம்புக்கு உப்பு வந்தது. வீட்டுக்காரர் முதல் நாள் அதைத் தாங்க முடியாமல் தண்ணீர் குடித்தார்.

மாதக் கடைசியில் பில் வந்தது. முதலாளி ஒரு கண்ணை மூடிக்கொண்டு திறந்தார். போன மாதத்தைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. இரட்டிப்புச் சேமிப்பு இல்லைதான். "படிப்படியா வரும் மாமா" என்று போனில் சமாளித்தார். பிறகு சாவியை எடுத்து டிராயரைத் திறந்து உத்தரவை நீட்டினார். மேகக்கா அதை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார், எந்த வார்த்தைக்கும் இரண்டு அர்த்தம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள. "இனிமே அறிக்கை எப்படி சார் எழுதறது?" "படம் வரைஞ்சு குடுத்துடுங்கம்மா," என்றார் முதலாளி.

இத்தோடு சுபம் போட்டிருக்கலாம். ஆனால் பாட்டைக் கேட்ட பக்கத்து மேஜைக்காரி வாத்தியார் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் என்னமாப் பாடறார்!" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா நம்பவில்லை. இருவது வருஷமா எனக்குப் பாடாதவர் ஊசலுக்கா பாடினார் என்று வீட்டில் விசாரணை. வாத்தியார் மெதுவாக மேகக்காவிடம் வந்து நின்றார்.

"அந்தப் பாட்டு... அழிஞ்சு போச்சாம்மா?"

"பரண்ல பத்திரமா இருக்கு சார். இறக்கினா ஏணிக் கூலி ஆகும்."

"நான் தரேன்மா. என் சொந்த விஷயம்."

இறக்கிக் கொடுத்தார். பாட்டு வாத்தியார் வீட்டில் இப்போது தினமும் ஒலிக்கிறதாம். ஏணிக் கூலி மட்டும் வசூலாகவில்லை. வாத்தியார் ஏமாற்றுகிறவர் அல்ல. பர்ஸைத் திறந்துகொண்டு மேஜை முன் வந்து நிற்கத்தான் செய்கிறார். ஆனால் ஒரு பாட்டை இறக்கியதற்குப் பில்லில் வந்திருக்கும் கூலி, புழக்கத்திலுள்ள ஆகச் சிறிய நாணயத்தில் பாதிகூட இல்லை.

"முழு நாணயமா வெச்சுக்கோங்களேம்மா."

"கணக்கு இடிக்கும் சார். மீதிய நான் எப்படித் தர்றது?"

வாத்தியார் பர்ஸை மூடிக்கொண்டு, "சரி, நாளைக்குப் பாப்போம்," என்று போய்விட்டார்.