தலை உடையும் சத்தம்

ஒரு தலை உடைந்தால் என்ன சத்தம் வரும்? அந்த ஒரு வருடம் முழுக்க எனக்குச் சோறு போட்ட கேள்வி அதுதான். சிரிக்காதீர்கள். மொபைல் கேம் கம்பெனியில் சத்தம் சேர்ப்பவள் நான். கத்தி பாய்ந்தாலும், கால் முறிந்தாலும், ஆள் மாடியிலிருந்து விழுந்தாலும் அந்தச் சத்தத்துக்கெல்லாம் நான்தான் பொறுப்பு.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்றின் கீழ்ப்பகுதிதான் எங்கள் ஆபீஸ். வருடத் தொடக்கத்தில் ஒரே அறை, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். கோலத்துக்கு வண்ணம் பூசுவது, பலூன் உடைப்பது என்று சாதுவான கேம்கள் செய்துகொண்டிருந்தோம். ஈ காக்கை சீண்டவில்லை. அப்புறம் ஓனர், அதாவது நாங்கள் எல்லோரும் அண்ணா என்று கூப்பிடுகிறவர், ஒரு கத்திச் சண்டை கேமை இறக்கிப் பார்த்தார். பிய்த்துக்கொண்டு போனது. வருடம் பாதி தாண்டுவதற்குள் மேல்மாடி எங்களுடையது, பக்கத்து வீடும் எங்களுடையது. சென்னையில் இருந்த வேலையை விட்டுவிட்டுப் பல பேர் இங்கே வந்து சேர்ந்தார்கள். கேமை வெளியிடுகிறவர்கள் வாராவாரம் வீடியோ காலில் வந்து ஒரே பல்லவியைப் பாடினார்கள்: "ரத்தம் கம்மியா இருக்கு, ஜாஸ்தி பண்ணுங்க."

தலை வெட்டுவது என் தோழியின் வேலை. அவள் அனிமேட்டர். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போடுகிற வீட்டுப் பெண். தினமும் ஸ்கூட்டியில் வருவாள், ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு. "தலையில போடுடி" என்றால், "முடி கலைஞ்சிடும் லூசு" என்பாள். வீட்டில் கோழி அறுத்தால் கொல்லைப்பக்கம் ஓடி ஒளிகிறவள், கம்ப்யூட்டரில் கழுத்து அறுந்தால் ரத்தம் எந்தப் பக்கம் பீய்ச்ச வேண்டும் என்று என்னோடு மல்லுக்கு நிற்பாள். "நிம்மதி வேணும்னு உலகமே செங்கம் ரோட்டு ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்குது. நம்ம ரெண்டு பேரும் இங்க உக்காந்து தலை வெட்டிட்டு இருக்கோம்டி" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் வெட்ட வெட்ட நான் சத்தம் தேடி அலைந்தேன். ஈரத் துண்டைத் துவைக்கிற கல்லில் அடித்தால் முகத்தில் விழும் குத்து. வாழைத்தண்டில் அரிவாளால் ஒரு போடு போட்டால் கை துண்டாகும். கறிக்கடையில் போய் மைக்கை நீட்டினேன். கடைக்கார பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லாரும் இங்க வந்தா மூக்கப் பொத்திக்கினு கறி வாங்கினு போவாங்க. நீ என்னாடான்னா சத்தத்தப் புடிச்சிக்கினு போற" என்றார்.

தலை மட்டும் சிக்கவில்லை. தேங்காய் வறட்டு வறட்டென்று இருந்தது. தர்பூசணி கொழகொழவென்று போனது. "மண்டை மாதிரியே இல்லமா" என்று அண்ணா ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பினார். என்னமோ தினம் நாலு மண்டையை உடைத்துப் பழகியவர் மாதிரி! கடைசியில் அவரே யோசனை சொன்னார். "அமாவாசைக்கு நம்ம வாசல்ல திருஷ்டிப் பூசணிக்கா உடைக்கிறோம் இல்ல, அதப் புடிச்சிக்கோ."

அண்ணாவுக்குக் கண்ணேறு என்றால் அவ்வளவு பயம். கேம் வளர வளரப் பயமும் வளர்ந்தது. வாசலில் மீசை வரைந்த பூசணிக்காய் ஒன்று எப்போதும் தொங்கும். அமாவாசைதோறும் ரோட்டில் இன்னொன்று உடையும். உடைத்ததை யாரும் தொடக் கூடாது, கூட்டி ஒதுக்கக் கூடாது, முக்கியமாகத் தாண்டக் கூடாது. தாண்டினால், கழித்ததெல்லாம் தாண்டியவர் மேல் ஏறிக்கொள்ளும். இதை எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த அமாவாசை அன்று காலை, செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் கேட்டுக்கு உள்ளே நின்றோம். நான் மைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பூசணிக்காயில் துளை போட்டுக் குங்குமமும் சில்லறையும் நிரப்பி, மேலே கற்பூரம் ஏற்றி, ஆபீசைக் காட்டிச் சுற்றி, அண்ணா அதை நடுரோட்டில் ஓங்கி அடித்தார். சிவந்த சதை நாலாபக்கமும் சிதறியது. ஆபீஸ் பிள்ளைகள் கை தட்டினார்கள். "யாரும் தாண்டாதீங்க!" என்று கத்திவிட்டு அண்ணா உள்ளே வந்து நின்றுகொண்டார்.

பூஜைக்குப் பூ வாங்கப் போயிருந்த என் தோழியின் ஸ்கூட்டி அப்போதுதான் தெரு திரும்பியது. நேரமாகிவிட்டது என்று வேகமாக வந்தாள். பூசணிக்காயைப் பார்த்தாள். வேகத்தைக் குறைத்து அதன் மேலேயே ஏற்றியிருந்தால் வண்டி கொஞ்சம் குலுங்கியிருக்கும், அவ்வளவுதான். தாண்டக் கூடாதே! சடாரென்று ஹேண்டில்பாரை ஒடித்தாள். முன்சக்கரம் தள்ளிக் கிடந்த ஒரு துண்டின் மேல் ஏறி வழுக்கியது. ஹெல்மெட் முழங்கையில். மைக்குக்கு நேர் எதிரே, கால்வாயின் சிமெண்டு விளிம்பில் அவள் தலை மோதியது. ஹெட்போன் போட்டிருந்ததால் அது என் மண்டைக்குள்ளேயே கேட்டது. வருடம் முழுக்க நான் தேடிய சத்தம். நாசமாய்ப் போக.

ஓடினேன். ஹெட்போன் ஒயர் பிய்த்துக்கொண்டு வந்ததுகூடத் தெரியவில்லை. அவளை மடியில் எடுத்துப் போட்டபோது என் கையெல்லாம் சிவப்பு. அதில் எது குங்குமம், எது ரத்தம் என்று பிரிக்க முடியவில்லை. பூச்சரம் மட்டும் வண்டிக் கொக்கியில் அப்படியே தொங்கியது.

தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். பிழைப்பாளா என்று யாரைக் கேட்டாலும், "பாக்கலாம்மா" என்பதுதான் பதில். அவள் அப்பா வார்டு வாசல் பெஞ்சில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான்.

"கண்ணத் தொறந்துடுவா இல்லமா?"

"தொறந்துடுவாப்பா."

இதைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சே இல்லாமல் நாட்கள் போயின. ஒரு மத்தியானம், பெஞ்சின் அந்தக் கோடியில் யாருக்கோ துணைக்கு வந்த ஒருவர் போனில் எங்கள் கேமை விளையாட ஆரம்பித்தார். இசை வந்தது. கத்தி உரசியது. என் வாழைத்தண்டு வெட்டுப்பட்டது. பிறகு ஒரு தலை உடைந்தது.

"அண்ணே, அத இன்னொரு தடவ அடிங்க" என்றேன். அவருக்கு ஒரே குஷி. "செம சவுண்டு இல்லமா? நேத்து அப்டேட்ல வந்துச்சு" என்று மறுபடி அடித்தார். சந்தேகமே இல்லை, அவள்தான். ரெக்கார்டரை நான் ஆபீசிலேயே விட்டிருந்தேன். பெற்ற மகளின் தலை உடைவதை, அது இன்னதென்று தெரியாமலே, அவள் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நேராக ஆபீசுக்குப் போனேன். "யாரக் கேட்டுப் போட்டீங்க?"

அண்ணா அசரவில்லை. "ரெக்கார்டர்ல ரெண்டு சத்தம் இருந்துச்சு. ரெண்டாவது நல்லா இருந்துச்சு. தலையா பூசணிக்காயான்னு யாருக்குமா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

"எல்லாரும் அந்த சவுண்டத்தான் ஆகா ஓகோன்றாங்க. ஒரு மாசம் ஓடட்டும், எடுத்துடலாம்."

வாசலுக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த மீசைப் பூசணியைப் பிய்த்து வந்து அவருடைய மானிட்டர் மேல் போட்டேன். கண்ணாடி நொறுங்கியது. அவர் என் கையைப் பிடித்து முறுக்கினார். மற்ற கையால் அவர் முகத்தில் ஓங்கி விட்டேன். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. நான் ஓர் ஆளை அடித்தது அதுதான் முதல் தடவை. ஈரத் துண்டுச் சத்தமெல்லாம் வரவில்லை. கொசுவை அடித்த மாதிரி சப்பென்று இருந்தது. இத்தனை நாளும் நான் செய்ததெல்லாம் பொய்ச் சத்தம்.

"இன்னைக்கு எடுக்கலன்னா அடுத்தது உங்க மண்டதான். அந்த சவுண்டையும் நானே வந்து புடிக்கிறேன்" என்றேன். ரெக்கார்டரிலிருந்து மெமரி கார்டை உருவிக்கொண்டேன். வேலை போனது, போகட்டும். அன்று சாயங்காலமே அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் அடுத்த அப்டேட்டைப் போடாத போன்களில் அது இன்னும் இருக்கிறது. முகம் தெரியாத யாரோ எங்கேயோ தட்டும்போதெல்லாம் அவள் விழுகிறாள்.

அவள் கண் திறந்தாள். வீட்டுக்கும் வந்தாள். மொட்டைத் தலை, காதுவரை இறங்கிய தையல். இடது காது கேட்காமல் போய்விட்டது. கீழ்பென்னாத்தூருக்கு நான் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் அண்ணாவை அடித்த கதை அவளுக்கு எப்படியோ எட்டியிருந்தது.

"அந்தக் கார்டு வெச்சிருக்க இல்ல? முழுசா போடு."

"வேணாம்டி."

"என் மண்டடி. எனக்கு இல்லாத உரிமை யாருக்கு?"

வலது காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். பூசணிக்காய், கைதட்டல், அண்ணாவின் குரல், வண்டி, அப்புறம் அது. அவள் இமைகூட ஆடவில்லை. திரும்ப வைக்கச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை.

"அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கலையே. அவ்ளோ பேரு நின்னாங்களே, எங்க போனாங்க?"

"கேட்டுக்கு உள்ளயே நின்னாங்க. நடுவுல பூசணிக்கா கெடந்துச்சு இல்ல? அப்புறமா பக்கத்து வீட்டு கேட்டத் தொறந்து சுத்திக்கினு வந்தாங்க."

அவள் ஹெட்போனை இன்னும் அழுத்திப் பிடித்தாள். "ஒரே ஒரு ஆளு ஓடற சத்தம் மட்டும் கேக்குது. சதக் சதக்னு. வெறுங்காலு."

"நான்தான்."

"தாண்டியாடி வந்த?"

"எங்கத் தாண்டறது? மிதிச்சிக்கினே வந்தேன்."

அவள் என் கால்களைப் பார்த்தாள். "லூசு" என்றாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மண்ட சத்தத்த எவன் வேணா வெச்சிக்கட்டும். இத மட்டும் எனக்கு அனுப்பு."

அனுப்பினேன். இப்போதெல்லாம் நான் போன் செய்தால் அவள் போனில் அந்த வெறுங்கால் சத்தம்தான் ரிங்டோனாக அடிக்கிறது.