தீர்க்கதரிசியின் மனைவிக்குத் தெரியாதது

எங்கள் பாப்பா பதினோரு மாதம் எங்களோடு இருந்தாள். ஓசூரில் மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்தது, அதிலேயே போய்விட்டாள். நாங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு வேலைக்காக இங்கே வந்தவர்கள். அவர் சிப்காட்டில் கியர் செய்யும் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருந்தேன். சாவுக்கு ஊரிலிருந்து வந்தவர்கள், அவள் வாங்கி வந்த வரம் அவ்வளவுதான் என்றார்கள். வயதிருக்கிறது, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். தேறுதலாகத்தான் சொன்னார்கள். அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால், வசம்பும் பவுடரும் கலந்த வாசம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலைத் திறக்கவில்லை.

அவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர் ஒருவர் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து அத்திபெலேயிலிருந்து வந்து போவார். அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சபையில் ஊழியம் செய்யும் இரண்டு பையன்களைக் கூட்டிவந்தார். வெள்ளைச் சட்டை, டை, பாக்கெட்டில் கறுப்பு நிறத்தில் பெயர் அட்டை. ஒருவன் அமெரிக்கன். இன்னொருவன் ஆந்திராக்காரன், தெலுங்கு கலந்த தமிழில் பேசுவான். வெளியே இவர்களை மார்மன்கள் என்பார்கள் என்று பிறகுதான் தெரியும். எங்கள் தெருவுக்கு எல்லோரும் அல்லேலூயா கூட்டம்தான்.

சுவரில் மாலை போட்டிருந்த பாப்பாவின் படத்தை அந்த ஆந்திராப் பையன் ரொம்ப நேரம் பார்த்தான். யார் என்று கேட்டான். சொன்னேன்.

"அக்கா, பாவமே தெரியாத குழந்தை அது," என்றான். "உயிர்த்தெழும்போது அதே குழந்தையா உங்க கைக்கு வரும். நீங்கதான் வளர்ப்பீங்க."

அடக்கம் செய்த அன்றுகூட அழாத என் கணவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு நின்றார். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் அந்தச் சபையில் சேர்ந்தது அந்தச் சத்தத்தில்தான் என்று இப்போது நினைக்கிறேன். மற்றப் பாடங்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

பாடங்களில் ஒன்று, ஜெபம் செய்து கேட்டால் இது உண்மையா என்று கடவுளே சொல்வார், நெஞ்சு சூடாகும் என்பது. எனக்குச் சூடாகவில்லை. பாப்பா போனதிலிருந்து நெஞ்சு காந்திக்கொண்டேதான் இருந்தது. ஜெபத்தில் அது முதல்முறையாகக் குளிர்ந்தது. பையன்களிடம் சொன்னேன். அதுவும் அதேதான் என்றார்கள்.

பெங்களூரில் ஞானஸ்நானம் எடுத்தோம். சபையில் கூடாது என்பதால் டீயும் காபியும் விட்டோம். ஊரில் தெரிந்தபோது என் அம்மா வெகுகாலம் என்னோடு பேசவில்லை. ஞாயிறு காலை பஸ் மாறிப் போய் மதியம் திரும்புவோம். அங்கே பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆங்கிலம் தெரியாத தமிழ்ப் பெண்கள் சிலர் பின்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து மெல்லிய குரலில் தமிழில் சொல்வது என் வேலையானது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அவர்களுக்கு நான் அதிகம் சொன்னது அமெரிக்காவில் இந்தச் சபையைத் தொடங்கிய முதல் தீர்க்கதரிசியின் மனைவியைப் பற்றி. தேவதூதன் காட்டிய தங்கத் தகடுகளிலிருந்து அவர் எங்கள் சபையின் வேதத்தை மொழிபெயர்த்தபோது உட்கார்ந்து எழுதிக்கொடுத்தவள். முதல் குழந்தையைப் பிறந்த அன்றே பறிகொடுத்தவள். பிறகு இரட்டைக் குழந்தைகள், அவையும் அப்படியே. நூற்றெழுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை நான் கூடப்பிறந்தவள் மாதிரி நினைத்தேன். அவள் தாங்கினாள், நான் தாங்க மாட்டேனா என்று இருக்கும்.

பெண்கள் கூட்டத்தில் அவளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நன்றாகத் தயார் செய்ய வேண்டும் என்று வேலை விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். திரை போட்ட சின்னத் தடுப்பு, பக்கத்துத் தடுப்பில் யாரோ காலேஜ் பையன்கள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெயரை அடித்தேன். அவளுடைய கணவர் வேறு பல பெண்களையும் மணந்துகொண்டார் என்று வந்தது. அவர்களில் சிலர் பதினாறு பதினேழு வயதுக்காரிகள். சிலர் ஏற்கெனவே வேறு ஆண்களின் மனைவிகள். பலரைப் பற்றி அவளுக்கே தெரியாது. அவள் வீட்டிலேயே வேலைக்கு இருந்த பெண்களும் அதில் இருந்தார்கள். மொழிபெயர்ப்புகூடத் தகடுகளைப் பார்த்துச் செய்ததில்லையாம், தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு அதில் முகத்தைப் புதைத்துச் சொல்லச் சொல்ல எழுதினார்களாம்.

விரோதிகள் எழுதியது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தொடர்ந்து போய் வாசித்தேன். அந்தப் பெண்களில் சிலர் வயதான பிறகு அவர்களே சொல்லியிருந்தார்கள்.

எங்கள் சபைத் தலைவரிடம் கேட்டேன். பெங்களூர்த் தமிழர், பாங்கில் வேலை, நல்ல மனிதர். பொய் என்று சொல்வார், நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பெரும்பாலும் உண்மைதான், அவருக்கும் தெரியும், தெரிந்தபோது அவரும் தூங்கவில்லை என்றார். எல்லாவற்றுக்கும் இப்போதே பதில் கிடைக்காது சிஸ்டர், ஜெபம் செய்யுங்கள் என்றார். செய்தேன். நெஞ்சு குளிரவும் இல்லை, காந்தவும் இல்லை. வெறுமனே இருந்தது. அப்படியானால் முதலில் குளிர்ந்தது எதனால் என்று யோசிக்க ஆரம்பித்தேன். கடவுள் சொல்லியா, இல்லை, பிள்ளை திரும்பக் கிடைப்பாள் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்று கிடந்த மனசா? இன்றுவரைக்கும் எனக்கு அது பிரித்துத் தெரியவில்லை.

என் கணவரிடம் சொல்லாமலே கொஞ்ச காலம் ஓட்டினேன். அப்போது காவிரிப் பிரச்சினை கிளம்பி, தமிழ்நாட்டு பஸ்ஸெல்லாம் எல்லையிலிருக்கும் ஜூஜுவாடியோடு நின்றுவிட்டன. அந்த ஞாயிறும் சபைக்குப் போயே ஆகவேண்டும் என்றார். ஜூஜுவாடியில் இறங்கி, அந்தப் பக்கத்து பஸ்ஸைப் பிடிக்க அத்திபெலேவரைக்கும் நடந்தோம். எங்களோடு மூட்டை முடிச்சோடு ஒரு கூட்டமே நடந்தது. ஓரமாக லாரிகள் வரிசையாக நின்றன, டிரைவர்கள் அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை நனைய, வேதப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் முன்னால் போனார். அன்றைக்கும் நான்தான் அந்தப் பெண்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். முடியாது என்று தோன்றிவிட்டது. நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. அந்த அம்மாளுக்குத் தெரியாமலேயா என்று மட்டும் ஒருமுறை கேட்டார். அப்புறம் ஒரு லாரியின் நிழலில் நின்றுவிட்டார்.

"அப்ப பாப்பா?" என்றார்.

 அத்திபெலே வந்து பஸ் ஏறினோம். அன்று பின்வரிசைப் பெண்களுக்கு நான் தமிழில் சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. அடுத்த வாரத்திலிருந்து வேறு ஒருவரைச் சொல்லவைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

குடும்பம் மரணத்துக்குப் பின்னும் சேர்ந்திருக்க, ஞாயிறு போகும் இடத்தில் அல்ல, சபையின் பெரிய ஆலயத்தில் வைத்து அதற்கான சடங்கைச் செய்ய வேண்டும். அப்போது எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஆலயம் ஹாங்காங்கில். பெங்களூரிலிருந்து ஒரு குழு கிளம்புவதாக இருந்தது. பாப்பாவையும் எங்களோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்த பயணம். போகிறவர்களைத் தலைவர் தனித்தனியாகக் கூப்பிட்டு விசுவாசத்தைக் கேட்பார். இது தேவனே திரும்ப நிலைநாட்டிய சபை என்று நம்புகிறாயா என்பது அதில் ஒரு கேள்வி. தெரியவில்லை என்றேன். தலைவர் பேனாவை மூடிவைத்தார், கோபப்படவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் சிஸ்டர் என்றார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவருக்கு என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

அதன் பிறகு வீட்டில் சண்டை வரவில்லை. அவர் டிபன் டப்பாவைக் கழுவிவைப்பார், துணி மடிப்பார், ஷிப்டுக்குப் போவார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. அந்தக் குழு கிளம்ப நாள் நெருங்கியபோது அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன், திரும்பப் போய்த் தலைவரைப் பார்க்கிறேன், நம்புகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், ஒரு வார்த்தைதானே என்று.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"வேண்டாம். அந்தத் தீர்க்கதரிசி அவர் வீட்டுக்காரிகிட்ட மறைச்சாருன்னுதான நீ இம்புட்டுத் தூரம் வந்த. நாமளும் மறைச்சா பிள்ளையக் கூட்டியாரணும்?"

"அப்ப நீங்க மட்டுமாவது போயிட்டு வாங்க."

"நான் ஒருத்தன் போய் யாரோட சேர்றது?" என்றார். மோரை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

குழு போய்வந்தது. போனவர்கள் இனிப்பு கொடுத்தார்கள், அவர் வாங்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். ஞாயிறுதோறும் அவர் தனியாகப் போனார், இப்போதும் போகிறார். நான் வாசல்வரைக்கும் போய் நிற்பேன். மறுபடி டீ குடிக்க ஆரம்பித்தேன். கோயிலுக்குத் திரும்பவில்லை. அங்கே போய் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

அவருடைய நம்பிக்கையில் பாப்பா வளரவில்லை. எப்படிப் போனாளோ அப்படியே, இரண்டு கீழ்ப்பல்லோடு, தூக்கச்சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு வருவாள். எனக்கு அவள் வருஷா வருஷம் வளர்ந்தாள். ராயக்கோட்டை ரோட்டில் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போகும் பள்ளிப் பிள்ளைகளில் எந்த உயரம் இருப்பாள் என்று பார்ப்பேன், இரட்டைப் பின்னல் போட முடி இருந்திருக்குமா என்று யோசிப்பேன். ஒருநாள் இதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, அவளுக்கு உன் முடிதான், அடர்த்தியாத்தான் வந்துருக்கும் என்றார்.