ருசி பார்க்காத சொதி

எங்கள் வீட்டில் சாமிக்குப் படைக்கும் முன் சமையலை ருசி பார்ப்பதில்லை. உப்பும் கைக்கணக்குத்தான். பூசைக்குக் கட்டிய பூவை மோந்து பார்க்காத மாதிரி, படையல் கறியையும் மோந்து பார்ப்பதில்லை. கல்யாணமாகி வெள்ளவத்தைக்கு வந்த நாளிலிருந்து இந்த ஒழுங்கை நான் விட்டதில்லை.

போன சித்திரையில் மகளுக்கு ஏழாம் மாதம். இரண்டு தடவை தங்காமல் போய், மூன்றாவதாக முருகன் தந்த பிள்ளை. சாப்பாட்டில் கவனம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதனால் கடையில் எடுக்காமல், அவளுக்காக வைத்த முருகன் பூசை விருந்துக்கு வரும் இருபது பேருக்கும் நானே சமைக்கிறேன் என்று நின்றேன். என் கைச் சமையலில் அவளுக்கு என்ன வந்துவிடும் என்று ஒரு பெருமையும் இருந்தது.

விடியவே முழுகிவிட்டு அடுப்பை மூட்டினேன். எட்டு மணிக்குள் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, தேங்காய்ப்பால் விட்ட சொதி, பாயாசம் எல்லாம் முடிந்தது. ஆட்கள் வந்த பிறகு, பன்னிரண்டரைக்குத்தான் பூசை. பிரிஜ்ஜில் மீன் இருந்தது; படையலை அதற்குள் வைக்க மனம் வரவில்லை. ஆவி பறக்கவே மூடிபோட்டு, துணியும் சுற்றி மேசையில் வைத்தேன். இளஞ்சூடாக இருந்தால் பழுதாகாது என்பது என் எண்ணம்.

பன்னிரண்டு மணிக்குக் கீழ்வீட்டு முஸ்லிம் பிள்ளை, ஆட்கள் உட்காரக் கதிரைகளோடு வந்தாள். வீட்டில் சமைத்து ஒபிஸ்களுக்குச் சாப்பாடு கொடுப்பவள் அவள். பாத்திரங்களை ஒதுக்கி வைக்க உதவும்போது சொதிச் சட்டியின் மூடி விலகிவிட்டது.

“அன்ட்டி, இது எத்தின மணிக்கு ஆக்கின?”

“எட்டுக்கு முதல். ஏன் பிள்ளை?”

“வாசம் ஒரு மாதிரி ஈக்கிது. ருசி பாத்தீங்களா?”

“இன்னும் படைக்கேல்லை.”

அவளுக்கு விளங்கிவிட்டது. மூடியை மெதுவாகப் போட்டுவிட்டு ஓரடி பின்னால் நின்றாள். “பிழையா நினைக்காதீங்க அன்ட்டி. தேங்காப்பால். இந்த வெக்கைக்கு நாலு மணித்தியாலம் தாங்காது.”

படைக்குமுன் இன்னொருவர் மோந்துவிட்டாரே என்று ஒரு கணம் எனக்குச் சுள்ளென்றது. அப்போது ஹோலிலிருந்து மகளின் குரல் கேட்டது. “அம்மா, ரெண்டு பேருக்குப் பசிக்குது. எப்ப பூசை?”

முருகன் படத்தைப் பார்த்து, “அப்பனே, பொறுத்துக்கொள்” என்று சொல்லி ஒரு கரண்டி சொதியை வாயில் விட்டேன். நுனிநாக்கில் மெல்லிய புளிப்பு. நான் இன்னும் தேசிக்காய்ச் சாறு பிழிந்து விடவில்லை. விட்டிருந்தால், அந்தப் புளிப்புத்தான் என்று நினைத்து எல்லாரும் குடித்திருப்பார்கள். மகளும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கியிருப்பாள்.

பால் சேர்த்த எல்லாவற்றையும் கொட்டினேன். சோற்றையும் கீழ்வீட்டுப் பிள்ளை விடவில்லை. “அதையும்தான் அன்ட்டி, சூட்டோட மூடி வெச்ச சோறும் பழுதாகும்” என்றாள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தேங்காய் துருவ உட்கார்ந்தாள். நான் வெங்காயம் வெட்டினேன். புதுச் சோறு, பருப்பு, சொதி, பாயாசத்துக்குப் பதிலாக வாழைப்பழமும் சர்க்கரையும். அடுப்பால் இறக்கினதும் படைத்து, தீபம் காட்டி, சூடாகவே பரிமாறினோம்.

நடந்ததைக் கேட்ட மகள் இலையில் குனிந்தபடி சொன்னாள்: “நல்ல காலம் அம்மா, முருகன் வயித்தால போகாமத் தப்பிட்டார்.”

“வாயை மூடிக்கொண்டு சாப்பிடு” என்றேன். எனக்கும் சிரிப்புத்தான்.

இப்போது பிரிஜ்ஜில் மேல்தட்டு சாமிக்கு, மீன் மூடிய பெட்டியில் கீழ்த்தட்டில். விருந்தென்றால் தேங்காய்ப்பால் கடைசியாகத்தான் அடுப்பேறும். இறக்கிய கையோடு வெள்ளிக் கிண்ணத்தில் முதல் கரண்டி முருகனுக்கு, ஆட்கள் வரக் காத்திருப்பதில்லை. இரண்டாவது என் நாக்குக்கு. மூன்றாவது கரண்டியை இடியப்பத்தோடு பிசைந்து பேத்திக்கு ஊட்டுகிறேன். எட்டு மாதம் அவளுக்கு. கிண்ணத்தையும் சேர்த்து இழுக்கிறாள்.