பைக்கில் குளவி கட்டிய கூடு

எங்கள் ஊரில் எது கெட்டாலும் பழி உப்பின் மேல்தான். கதவுக் கீல் துருப்பிடித்தால் உப்பு, ஃபேன் கத்தினால் உப்பு. அதனால் என் பைக்கில் ஆயில் ஒழுகியபோது நானும் உப்பைத்தான் திட்டினேன். பதினெட்டு வருடப் பழைய வண்டி. மரக்காணம் உப்பளத்தில் லோடு மேஸ்திரி வேலைக்கு அதில்தான் போய் வருகிறேன். மழைக்கு உப்பளம் மூடிய பத்து நாளும் வாசலிலேயே நின்றது. திரும்ப எடுத்த அன்றே இன்ஜின் பக்கவாட்டில் கறுப்பாக வழிந்திருந்தது.

வேறு சமயமாக இருந்தால் துணியால் துடைத்துவிட்டுப் போயிருப்பேன். அப்போது என் மனைவிக்கு நான்காவது மாதம். முந்தைய வருடம் ஒரு கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டதால் இந்த முறை யாரிடமும் மூச்சு விடவில்லை, அவள் அம்மாவிடம்கூட. வியாழக்கிழமை பாண்டிச்சேரியில் ஸ்கேன். பஸ்ஸில் போனால் ஏறுகிறவர்கள் எல்லாம் 'எங்க போறீங்க?' என்பார்கள். பைக்தான் ஒரே வழி. அதிலோ ஒழுகுகிற ஆயில் காற்றில் பின்டயருக்குப் போகிறது. ஈசிஆர் ரோட்டில் பஸ் உரசிக்கொண்டு போகும்போது அந்த டயர் வழுக்கினால், பின்னால் உட்கார்ந்திருப்பவள் கதி என்ன? இரண்டு நாள் இதே நினைப்பு.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இன்ஜின் மூடி இடுக்கில் வைக்கும் கேஸ்கெட்டை நானே மாற்றினேன், ஒழுகியது. பசை தடவினேன், ஒழுகியது. போல்ட்டை இறுக்கிய இறுக்கில் மரையே கழன்றுவிட்டது. வண்டியை ஓர் உதை விட்டேன். வீங்கியது என் கால்தான்.

புதன்கிழமை மத்தியானம் கூனிமேட்டு மெக்கானிக் பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

"இன்ஜின எறக்கணுமா பாய்? நாளைக்கு வண்டி வேணுங்க."

"இருப்பா. மனுசனுக்கு மூச்சு முட்டுனா இன்னா ஆவும்? இதுவும் அப்டித்தான்" என்றார் பாய். இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியே போக அடியில் ஒரு ரப்பர் பைப் தொங்கும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த சந்தில் எல்லாம் ஆயிலைத் தள்ளும். குனிந்து அந்தப் பைப்பின் நுனியைப் பார்த்தவர் கடகடவென்று சிரித்தார்.

"தம்பி, இங்க வா. வாடகை குடுக்காம ஒருத்தர் உன் வண்டில குடித்தனம் பண்றார்."

பைப்பின் வாய் முழுக்கக் களிமண் பூச்சு. குளவிக் கூடு. பாய் ஒரு கம்பியை எடுத்துக் குத்தப் போனார்.

"ஒடைக்காதீங்க பாய்!"

நான் கத்திய கத்தலில் எதிர் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. என் கை அவர் கையைப் பிடித்திருந்தது.

அதற்கு முந்தைய வருடம் எங்கள் மீட்டர் பெட்டிக்கு மேல் குளவி கூடு கட்டியிருந்தது. துடைப்பக் கட்டையால் ஒரே தட்டு. உடைந்து விழுந்தது. "வயித்துப்புள்ளக்காரி இருக்கிற வூட்ல குளவிக் கூட்ட ஒடச்சிட்டீங்களே மாப்ள" என்று மாமியார் பதறினார். நான் கேலி செய்தேன். ஒரு வாரத்தில் கரு கலைந்தது. அப்புறம் யாரும் அந்தக் கூட்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஜாதகம், சகுனம் என்று பேசுகிறவர்களை எல்லாம் ஓட்டித் தள்ளுகிற நான், ஒரு வருடமாக இதை நெஞ்சில் கல் மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பாய் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"வூட்ல விசேஷமா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"மாஷா அல்லாஹ்! இத மொதல்லயே சொல்றதுக்கின்னா?"

கம்பியைப் போட்டுவிட்டு பிளேடை எடுத்தார். கூட்டுக்கு நாலு விரல் மேலே பைப்பைப் பதமாக அறுத்து, அந்தத் துண்டை என் கையில் வைத்தார். கூட்டில் ஒரு கீறல் இல்லை. மரை போன இடத்தையும் சரி பண்ணி, இன்ஜினைத் துடைத்து ஓடவிட்டார். ஒரு டீ குடித்துவிட்டு வந்து விரலால் தடவினேன். துளி ஆயில் இல்லை. அப்பாடா! உடம்பே லேசாகிவிட்டது.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மரைய கெடுத்தது நீ. உப்ப திட்டாத" என்றார் பாய்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் துண்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டர் பெட்டிக் கூட்டையும் சேர்த்து.

"லூசா நீங்க? கரு வளரவே இல்லன்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாங்களே. இதையா ஒரு வருஷமா மனசுல வச்சிகினு இருந்தீங்க?"

நான் அழுதுவிட்டேன். சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இத தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டேன்.

"ஐயையோ, வேணாம்!" என்று பிடுங்கிக்கொண்டாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மறுநாள் பாண்டிச்சேரி வரைக்கும் டயர் காய்ந்தே இருந்தது. ஸ்கேனில் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்தத் துண்டு இன்றும் எங்கள் ஜன்னலில்தான் இருக்கிறது. எங்கள் பெண்ணுக்கு இப்போது ஒரு வயது, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். ஜன்னல் பக்கம் அவள் கை போனால், எதையும் நம்பாத நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம்.