படுகளத்தில் பேசிய பிணம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு சித்திரை மாதம். நர்ஸ் படிப்பை முடித்துத் திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்து எனக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சென்னையில் என்னோடு படித்த தோழி ஊர் பார்க்க வந்திருந்தாள். எதையும் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். அன்றைக்கும் ஒரு சீட்டு எழுதியிருந்தேன்: காலையில் பெருமுக்கல் மலைக்கோயில், மதியம் படுகளம், சாயங்காலம் சடுகுடுப் பந்தயம்.

மலை ஏறி இறங்கி, பெட்ரோல் தட்டுப்பாட்டால் அடுப்புக்கரி வாயுவில் ஓடிய கரி பஸ் பிடித்து, கிளியனூர் போகும் வழியில் ஒரு கிராமத்தில் இறங்கினோம். பத்து நாள் பாரதக் கூத்தின் கடைசி நாளான படுகளம் அது. களத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுத்திருந்தான். பக்கத்தில், போரில் மாண்ட பிள்ளைகளாக ஐந்து பேர் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளிக்கும்வரை அவர்கள் பிணங்கள். அசையக் கூடாது, பேசக் கூடாது. இதையெல்லாம் தோழிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் கேட்டதாகத் தெரியவில்லை. "நாலாவது ஆளைப் பாருடி. நெஞ்சு அசையவே இல்லை" என்றாள்.

அசையவில்லைதான். வெயிலோ மண்டையைப் பிளந்தது. பிணங்களைச் சுற்றி ஒப்பாரி வைத்து அழுதுகொண்டிருந்த பெண்களோடு நானும் உட்கார்ந்து, துணிக்கடியில் கையை விட்டு நாடி பிடித்தேன்.

"யம்மா, நான் நல்லாத்தான் கீறேன்" என்றது பிணம். "மூச்சை அடக்கிக்கினு செத்துக் கிடக்கறவன் கையை ஏம்மா புடிக்கிறீங்க? யாருனா பார்த்தா பேஜாரு."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. தோழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்திருக்கப் போனபோது மறுபடியும் அதே குரல்: "வந்ததுதான் வந்தீங்க, கடைசி ஆளைப் பாருங்க. இம்மா நேரம் முனகிக்கினு இருந்தான். இப்ப சத்தமே இல்லீங்க."

ஐந்தாமவரைத் தொட்டேன். தோல் கொதித்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. நாடி எண்ண முடியாத வேகம். கூப்பிட்டேன், பதில் இல்லை. கடும் வெயில் தாக்கியிருந்தது. உடனே உடம்பைக் குளிர வைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் சடங்கு முடிவதற்குள் அவர்மேல் கைவைக்க விடுவார்களா? பூசாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"தண்ணிதானே வோணும்? அதுக்குத்தானே நின்னுக்கினு கீறேன், நர்ஸம்மா" என்றார் அவர். "டேய், ஜல்தியா குடங்களைக் கொண்டாங்கடா!"

முதல் ஆளிடம் தொடங்க வேண்டிய சடங்கை ஐந்தாம் ஆளிடமிருந்து தொடங்கினார். தெளிக்கவில்லை, குடம் குடமாக ஊற்றினார். "கோவிந்தா! கோவிந்தா!" என்று கூட்டம் முழங்கியது. ஆளைப் புளிய மர நிழலுக்குத் தூக்கிப் போனோம். தோழி முறத்தால் விசிற, நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தார்.

"எழுந்திரிக்க நேரமாய்ட்ச்சா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே மூச்சு வந்தது.

நாலாமவர் தலையில் தண்ணீர் சொட்ட வந்து நின்றார். "உங்களால என் சாவே கெட்டுப்போச்சும்மா" என்று சிரித்தார்.

சடுகுடு பார்க்கப் போகவில்லை. சீட்டில் அதை மட்டும் அடித்துவிட்டேன்.

இன்றும் வார்டில் ஒருவருடைய நாடியைப் பார்த்து எழுதிய பிறகு, பக்கத்துப் படுக்கைக்காரர் எப்படி இருக்கிறார் என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்காமல் நான் நகர்வதில்லை.